கல்லச்சும் கற்கோபுரமும்

காவிரிப் பாலத்தில் நின்று பாருங்கள். ஒருபுறம் மலைக்கோட்டை, மறுபுறம் திருவரங்கத்துக் கோபுரம். சித்திரக்காரனை இது சும்மா விடுமா? 1792-ல் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் திருச்சிக்கு வந்து மலைக்கோட்டையை எழுதிச் சென்றார்கள். அந்தப் படம் செப்புத் தகட்டிலிருந்து அச்சாயிற்று.

அடுத்த நூற்றாண்டில் கல்லச்சு பரவியது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புக் கலந்த கோலால் வரைந்து, கல்லை நனைத்து மை தடவுவார்கள். கோட்டில் மட்டுமே மை ஒட்டும். அச்சில் இடம் வலமாகிவிடுமாதலால், கல்லில் மாற்றி வரைய வேண்டும்.

நம் நாட்டுப் பழங்கட்டடங்களை 1848-ல் லண்டனில் கல்லச்சுப் படங்களாக வெளியிட்டவர் ஜேம்ஸ் ஃபெர்குஸன். அவரே 1876-ல் எழுதிய நூலில் ஸ்ரீரங்கத்தைக் குறை கூறினார். வெளிக் கோபுரங்கள் பெரியவை. உள்ளே போகப் போகச் சிறியவை. இம்முறையைத் திருப்பிப் போட்டிருந்தால் தென்னாட்டின் மிகச் சிறந்த கோயில்களுள் ஒன்றாகியிருக்குமாம்! கல்லச்சில் பழகிய கண், கோயிலையும் இடம் வலம் மாற்றப் பார்த்தது போலும்!

அன்று தெற்கு வாசலில் நின்றது முடிவு பெறாத மொட்டைக் கோபுரம். 1987-ல் அது 13 நிலைகளுடன் 236 அடி உயர்ந்து குடமுழுக்குக் கண்டது. ஃபெர்குஸன் கண்ட குறை இன்னும் பெரிதாகிவிட்டது!

ஆனால், ஏழு மதில்களையும் கடந்து போகிறவரைக் கேளுங்கள். கடைத்தெரு ஓசை பின்தங்குகிறது, வெயில் குறைகிறது, மனம் ஒடுங்குகிறது. முடிவில் விளக்கொளியில் அரங்கன் பள்ளி கொண்டிருக்கிறான். படம் பார்ப்பவருக்குக் கோபுரமே கோயில்; நடந்து வந்தவருக்கு அது வெறும் வாசல்.