ஆங்கில அகராதியில் நம் சொற்கள்

முகரம் மாதத்தில் "யா ஹசன்! யா ஹுசைன்!" என்று மார்பில் அறைந்துகொண்டு அரற்றிச் செல்லும் ஊர்வலங்களை ஆங்கிலப் படைவீரர்கள் நம் நாட்டு நகரங்களில் கண்டனர். காதில் விழுந்த ஒலியைத் தம் நாவுக்கு இசைந்தவாறு திரித்துத் திரித்து, கடைசியில் அதனை 'ஹாப்சன்-ஜாப்சன்' என்று ஆக்கிவிட்டனர். இவை இங்கிலாந்தில் வழங்கும் குடும்பப் பெயர்களைப் போன்றவை. நபிகள் நாயகத்தின் பேரர் இருவரை நினைந்து எழுந்த துயரக் குரல், இலண்டனில் துணிக்கடை வைத்திருக்கும் இரு கூட்டாளிகளின் பெயர்போல் ஆயிற்று!

இந்தப் பெயரையே தலைப்பாகச் சூடி, 1886ஆம் ஆண்டில் இலண்டனில் ஓர் அகராதி வெளிவந்தது. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் தம் பேச்சிலும் எழுத்திலும் எடுத்தாண்ட கீழைநாட்டுச் சொற்களைத் தொகுத்துப் பொருள் கூறும் நூல் அது. தொகுத்தவர் இருவர். ஒருவர் ஹென்றி யூல். வங்காளப் பொறியியற் படையில் பணியாற்றியவர், மார்க்கோ போலோவின் பயண நூலை விரிவான குறிப்புகளுடன் பதிப்பித்தவர். மற்றவர் ஆர்தர் கோக் பர்னெல்; சென்னை மாகாணத்தின் சிவில் பணியில் இருந்து, தஞ்சாவூரில் நீதிபதியாக அமர்ந்தவர். தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்தவரும், தென்னிந்திய எழுத்துகளின் வரலாற்றை 1874இல் நூலாக எழுதியவரும் இவரே. யூல் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் வாழ்ந்த காலத்தில் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்து இந்த அகராதி வளர்ந்தது. அது அச்சேறியதைக் காணப் பர்னெலுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1882இல், நாற்பத்திரண்டாம் வயதில் அவர் காலமானார்.

அந்தக் காலத்தில்தான் ஆக்ஸ்போர்டுப் பேரகராதியும் உருவாகிக்கொண்டிருந்தது. 1884இல் அதன் முதற்பகுதி வந்தது, முடிவுற்றது 1928இல். அதன் முறை நாம் கருதத்தக்கது. ஒரு சொல்லுக்கு இதுவே பொருள் என்று அகராதிக்காரர் ஆணை பிறப்பிப்பதில்லை. யார், எந்த ஆண்டில், எந்த நூலில் அச்சொல்லை எவ்வாறு ஆண்டார் என்று மேற்கோள்களைக் கால வரிசையில் நிறுத்துகின்றார். பொருள் எப்படி நகர்ந்தது என்பது அவற்றிலிருந்து புலப்படும். யூலும் பர்னெலும் இதே முறையைப் பின்பற்றினர். ஆதலால் அவர்கள் நூலைச் சொற்பட்டியலாக மட்டும் கொள்ள வேண்டுவதில்லை. இரு நாட்டார் பழகிய பழக்கத்துக்குச் சாட்சியாகவும் கொள்ளலாம். அந்தச் சாட்சியத்தை நாம் படித்துப் பார்த்தால் ஒன்று தெரிய வருகின்றது. சரக்கைக் குறித்துக் கப்பலேறிய சொற்களுக்கு நேர்ந்தது வேறு. மக்களைக் குறித்துக் கப்பலேறிய சொற்களுக்கு நேர்ந்தது வேறு.

சரக்குச் சொற்களை முதலில் பார்ப்போம். இவற்றில் தமிழுக்கு நல்ல பங்கு உண்டு. 'கறி' என்னும் சொல் சங்க நூல்களில் மிளகைக் குறித்தது. பின்னர் மிளகிட்டுச் சமைத்த உணவைக் குறித்தது. போர்த்துகீசியர் வழியாகவும் நேராகவும் ஆங்கிலம் புகுந்தபின், மசாலை சேர்ந்த குழம்பு எதுவாயினும் அதற்கு அதுவே பெயராயிற்று. 1747இல் ஹானா கிளாஸ் என்னும் அம்மையார் வெளியிட்ட சமையல் நூலில் இந்திய முறைக் கறி ஒன்று இடம்பெற்றிருக்கின்றது. அதற்கு அவர் கேட்டவை மிளகும், வறுத்த கொத்தமல்லியும், சிறிது அரிசியும். மிளகாய் இல்லை, மஞ்சள் இல்லை. சொல்லின் பழைய பொருளுக்கு அம்மையார் தம்மை அறியாமலே உண்மையாக நடந்துகொண்டார் எனலாம்.

மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆன கதை பலர் அறிந்ததே. நம் வீட்டில் சளி பிடித்தவருக்கு வைத்துக் கொடுக்கும் இரசம், அங்கே இறைச்சியும் பருப்பும் சேர்ந்து விருந்தின் முதற் பரிமாறலாகிவிட்டது. பலர் அறியாதது ஒன்று உண்டு. சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த ஆங்கில அதிகாரிகளை வங்காளத்திலும் பம்பாயிலும் இருந்த அவர்கள் இனத்தவரே 'மல்' என்று கேலிப்பெயரிட்டு அழைத்தனர். மிளகுத்தண்ணீர் குடிக்கும் கூட்டம் என்பது அதன் பொருள். கஞ்சியும் இவ்வாறே ஒரு வேடிக்கையான இடத்திற்குப் போயிற்று. தவறு செய்த சிப்பாயை அடைத்துவைக்கும் அறைக்குப் பட்டாளத்தில் 'கஞ்சி வீடு' என்று பெயர். உள்ளே கிடைப்பது கஞ்சி என்பதால்.

'காசு' சற்று நுட்பமானது. ஆங்கிலத்தில் ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' நம் காசுதான் என்று சிலர் பெருமை கொள்வதுண்டு. அப்பெருமை நமக்கு வேண்டாம். ரொக்கம் என்னும் பொருளில் வரும் சொல், பெட்டியைக் குறிக்கும் இத்தாலிய, பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்தது. நம் காசிலிருந்து பிறந்த 'கேஷ்' வேறு. அது சிறு செப்பு நாணயத்தின் பெயர். போர்த்துகீசியர் காசு என்பதைத் தம் மொழியில் எழுதும்போது, பெட்டி என்று பொருள்படும் தம் சொல்லின் எழுத்திலேயே எழுதிவைத்தனர். குழப்பம் அங்கே தொடங்கிற்று. சென்னையில் 1818 வரை கும்பினியார் கணக்கில் எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். சீனத்தின் துளையிட்ட நாணயத்தையும் ஐரோப்பியர் இப்பெயராலேயே அழைத்தனர். ஆக, இரு வேறு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரே உருவில் ஓர் அகராதியில் அடுத்தடுத்து நிற்கின்றனர்.

தேக்கு, வெற்றிலை, சுருட்டு, வெட்டிவேர், அணைக்கட்டு, குருந்தக்கல் ஆகியவையும் சென்றன. கோழிக்கோட்டுத் துணி அவ்வூர்ப் பெயராலேயே 'காலிகோ' ஆயிற்று. கட்டுமரத்தைச் சோழமண்டலக் கரையில் கண்ட வில்லியம் டாம்பியர் என்னும் மாலுமி 1697இல் தம் பயண நூலில் அதனைக் குறித்தார். 1804இல் ஆங்கிலக் கடற்படையினர் பூலோன் துறையில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்கள்மீது ஏவிய வெடிமிதவைகளுக்குக் 'கட்டமரான்' என்றே பெயரிட்டனர். சண்டைக்காரப் பெண்ணையும் அப்பெயரால் ஏசிய காலம் ஒன்று உண்டு. இன்று ஆங்கிலத்தில் அச்சொல் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கின்றது. மரங்களை ஒன்றாய்ச் சேர்த்துக் கட்டிய நம் மீனவர் தெப்பத்துக்கும் அதற்கும் உருவில் ஒற்றுமை இல்லை. இரட்டைப் படகு பசிபிக் தீவினரின் கலை. பெயர் மட்டும் நம்முடையது.

வடக்கிலிருந்து சென்ற சொற்களிலும் இத்தகைய மாற்றங்கள் உண்டு. வடமொழியில் 'ஜாங்கலம்' என்பது வறண்ட, புதர் மண்டிய நிலம். 1776இல் ஹால்ஹெட் கும்பினிக்காக ஆங்கிலத்தில் வெளியிட்ட இந்து சட்டநூலில், ஐந்தாண்டு பயிரிடாமல் கிடந்த நிலம் 'ஜங்கிள்' எனப்படுகின்றது. அதே சொல் ஒரு நூற்றாண்டுக்குள் மழை ஒழுகும் அடர்ந்த காட்டுக்குப் பெயராகிவிட்டது. பொருள் தலைகீழாயிற்று, ஆயினும் யாருக்கும் தீங்கில்லை. 'ஷாம்பூ' என்பது பிடித்துவிடு, அமுக்கிவிடு என்னும் இந்தி ஏவல். பீகாரிலிருந்து சென்ற ஷேக் தீன் முகம்மது இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் உடம்புபிடித்தலும் நடத்தி, அதைப் பற்றி 1822இல் நூலும் எழுதினார். அப்போது அச்சொல்லுக்குத் தலைமுடி கழுவுதல் என்னும் பொருள் வரவில்லை. கொள்ளையைக் குறிக்கும் 'லூட்' என்னும் சொல்லும் இங்கிருந்தே போயிற்று. அதை எங்கே கற்றார்கள் என்று நாம் கேட்க வேண்டுவதில்லை.

தெய்வத்தின் பெயருக்கு நேர்ந்ததைச் சொல்லிவிட்டு மக்களுக்கு வருவோம். ஜகந்நாதன் என்றால் உலகுக்கு நாயகன். ஆங்கிலத்தில் 'ஜக்கர்நாட்' என்றால் எதிர்ப்பட்டதையெல்லாம் இரக்கமின்றி நசுக்கிச் செல்லும் பெருஞ்சக்தி. தேர்ச்சக்கரத்தின் கீழ் அடியார்கள் விழுந்து மடிகின்றனர் என்ற செய்தியை ஐரோப்பாவுக்கு முதலில் கொண்டுபோனவர்களில் ஒருவர் 14ஆம் நூற்றாண்டில் வந்த ஒடோரிக் என்னும் துறவி. அவர் எழுதியது புனித தோமையாரின் உடல் அடக்கமான சோழமண்டலக் கரையைப் பற்றி. பிற்காலத்தார் எல்லாவற்றையும் பூரியின் தேர்மேல் ஏற்றினர். நெரிசலில் நேர்ந்த விபத்துகளும் அக்கணக்கில் சேர்ந்தன. இங்கிலாந்தில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சாலையை அடைத்துச் செல்லும் பெரிய லாரிகளுக்கு இப்பெயர் வழங்கலாயிற்று.

இனி மக்கள். 'நவாப்' என்பது 'நேபாப்' ஆகி, இந்தியாவில் பொருள் திரட்டிக்கொண்டு ஊர் திரும்பிய ஆங்கிலேயனையே குத்திக்காட்டும் சொல்லாயிற்று. 1772இல் இலண்டனில் அப்பெயரால் ஒரு நகைச்சுவை நாடகமும் நடந்தது. அஃது அவர்கள் தம்மைத் தாமே பழித்துக்கொண்டது. எளியவர்களைக் குறித்த சொற்களின் கதை அப்படியன்று.

தமிழில் கூலி என்பது உழைப்புக்குரிய ஊதியம். கூலியாள் என்றால்தான் மனிதன். ஆங்கிலத்தின் 'கூலி' தமிழிலிருந்து சென்றதா, குஜராத்தின் கோலி மக்கள் பெயரிலிருந்து சென்றதா என்று யூலும் பர்னெலும் ஆராய்கின்றனர். இரண்டும் கலந்திருக்கக்கூடும் என்பதே நமக்கும் பொருத்தமாகப் படுகின்றது. எதுவாயினும், ஆங்கிலத்தில் ஊதியம் மறைந்து ஆள் மட்டும் நின்றான். அடிமை முறை ஒழிக்கப்பட்டபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் வேண்டியிருந்தது. 1834 முதல் மொரீசியசுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும் நம் மக்கள் கப்பலேறினர். நேட்டாலுக்கு முதலில் சென்ற 'துரூரோ' என்னும் கப்பல் புறப்பட்டது சென்னையிலிருந்துதான். அங்கே அச்சொல் தொழிலைக் குறிக்கும் நிலையையும் கடந்து பிறப்பைக் குறிக்கலாயிற்று. வணிகர் 'கூலி வணிகர்'. 1893இல் அங்குச் சென்ற காந்தியடிகள் 'கூலி பாரிஸ்டர்'.

இன்னொரு சொல்லையும் காந்தியடிகள் தம் சுயசரிதையில் குறிக்கின்றார். முத்துசாமி, இராமசாமி என்று தொழிலாளர் பலர் பெயர் 'சாமி' என முடிவதைக் கண்ட வெள்ளையர், இந்தியர் அனைவரையும் 'சாமி' என்று ஏளனமாக அழைத்தனர். சொல்லின் பொருள் தலைவன், ஆண்டவன். அப்படி அழைக்கப்பட்டவர்களில் துணிவும் நாவன்மையும் உடைய சிலர், "சாமி என்றால் எசமானன் என்று பொருள், நான் உமக்கு எசமானன் அல்லனே" என்ற கருத்துப்பட விடை கூறுவார்களாம். கேட்டவர்களில் சிலர் கூசினர். சிலர் வெகுண்டனர் என்று எழுதுகின்றார். சொற்பொருள் அறிவு ஓர் ஏழைத் தொழிலாளிக்கு இவ்வளவு பயன்பட்ட இடம் வேறு இருக்குமா என்பது ஐயமே.

இவற்றிலெல்லாம் கொடுமையானது 'பரையா' என்னும் ஆங்கிலச் சொல். பறையர் என்னும் நம் சொல்லிலிருந்து போர்த்துகீசியர் வழியாகச் சென்றது அது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. பறை இசைக்கருவி, புறநானூற்றின் 335ஆம் பாட்டு, சிறந்த குடிகள் என எண்ணும் நான்கனுள் பறையர் குடியும் ஒன்று. ஆங்கிலத்திலோ இச்சொல்லுக்கு, எல்லோராலும் ஒதுக்கித் தள்ளப்பட்டவன் என்பதே பொருள். பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தன் தெ சேன்-பியேர் 1791இல் வெளியிட்ட 'இந்தியக் குடிசை' என்னும் கதையில், உண்மையைத் தேடி உலகைச் சுற்றும் அறிஞன் ஒருவன் அதனை இம்மக்களில் ஒருவரது குடிசையில் காண்கின்றான். 1821இல் கசிமீர் தெலவீன் இதே பெயரில் துன்பியல் நாடகம் எழுதினார். இவர்கள் எழுதியது பரிவினால்தான். ஆனால் அந்தப் பரிவே ஒரு குடியின் பெயரைப் பொதுப்பெயராக்கி, ஐரோப்பாவில் யார் புறக்கணிக்கப்பட்டாலும் அவர் தலைமேல் இடும் முத்திரையாக்கிவிட்டது. இம்மக்கள் எக்குலமும் இல்லாத வெளியாட்கள் என்ற எண்ணம் பிழையானது என்று 1886இலேயே யூலும் பர்னெலும் தம் அகராதியில் எழுதினர். தஞ்சையில் இருந்தவர் ஒருவர் கைபட்ட நூல் ஆதலால் அங்கே உண்மை இருந்தது. வழக்கு அதைக் கேட்கவில்லை. தெருநாய்க்கும் பருந்துக்கும் மட்டச் சாராயத்துக்கும் இச்சொல்லை அடைமொழியாகச் சேர்த்தனர். இழிவு முழுவதும் ஆங்கிலேயர் படைத்தது என்று நாம் சொல்வதற்கில்லை. இங்கே ஊருக்குள் நாம் வைத்த விலக்கைத்தான் அவர்கள் அகராதிக்குள் கொண்டுபோனார்கள்.

அப்பெயருக்கு உரியவர்கள் வாளா இருந்தாரில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். எந்தப் பெயரைச் சொல்லி ஏசினார்களோ அதையே முகப்பில் அச்சிட்டு விற்றார். எம். சி. ராஜா வேறு வழியை மேற்கொண்டார். பறையர், பஞ்சமர் என்னும் பெயர்களை அரசாங்க வழக்கிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று வழங்க வேண்டும் என அவர் சென்னைச் சட்டசபையில் கொணர்ந்த தீர்மானம் 1922இல் நிறைவேறியது. இவற்றில் எது சிறந்தது என்று தீர்ப்புக் கூறும் உரிமை அப்பெயரைச் சுமந்தவர்களுக்கே உண்டு.

ஆங்கில வழக்கு இன்று எங்கே நிற்கின்றது? 'கூலி' என்னும் சொல்லுக்கு, இது மனத்தைப் புண்படுத்துவது என்று இக்கால அகராதிகள் எச்சரிக்கை இடுகின்றன. பறவை நூல்களில் 'பரையாப் பருந்து' என்று இருந்தது இப்போது கரும்பருந்து என்று மாறியிருக்கின்றது. நாய்க்கு இன்னும் மாறவில்லை. பிற நாடுகள் உறவு துண்டித்த நாட்டையும், கட்சியார் கைவிட்ட அரசியல்வாதியையும் ஆங்கிலச் செய்தித்தாள்கள், நம் நாட்டில் அச்சாகும் ஆங்கில இதழ்கள் உட்பட, இன்றும் அச்சொல்லாலேயே குறிக்கின்றன. பெரும்பாலான அகராதிகளில் அதற்கு எச்சரிக்கை ஒன்றும் இல்லை.