குதிரை நொண்டல் அளவீடு

குதிரையின் நடையில் இடப்பக்கமும் வலப்பக்கமும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று அளந்து, வலிக்கும் காலைக் கண்டறியும் மருத்துவ முறை.

நொண்டும் குதிரைகள் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த காயல் (இன்றைய பழையகாயல்), பாண்டியர் காலத்தில் அரபுக் குதிரைகள் வந்திறங்கிய துறை. காயலிலும் பிற துறைகளிலுமாக ஆண்டுக்கு 10,000 குதிரைகள் இறங்கின, ஒன்றின் விலை 220 செம்பொன் தினார், வழியில் செத்தவற்றுக்கும் பாண்டியன் பணம் கொடுத்தான் என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, குதிரைகளுக்குச் சோறும் வெந்த இறைச்சியும் போட்டார்கள் என்றும், குதிரை வைத்தியர் எவரையும் வணிகர்கள் இங்கே வரவிடவில்லை என்றும் எழுதினார். செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்கலாம்! மாவுச்சத்து மிகுந்த தீனி, குதிரையை நொண்ட வைக்கும் குளம்பழற்சியை உண்டாக்கும் என்பது இன்று தெரியும். அந்தக் குதிரைகளில் பல நொண்டியே மாண்டிருக்கக்கூடும்.

குதிரையின் நடையை முதலில் கருவியால் பதிந்தவர்களுள் ஒருவர் பிரெஞ்சு உடலியலாளர் மாரே. குளம்படியில் காற்றறை பொருத்தி, அது அழுந்துவதைச் சவாரி செய்பவர் கையிலிருந்த உருளையில் கோடுகளாக வரையச் செய்தார். 1873இல் வெளிவந்த அவருடைய நூல் இதை விளக்குகிறது. 1878இல் கலிஃபோர்னியாவில் புகைப்படக் கலைஞர் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்துக் குதிரையின் ஓட்டத்தைப் படமெடுத்தார்.

மருத்துவர்கள் மட்டும் நெடுங்காலம் கண்ணையே நம்பினர். அமெரிக்கக் குதிரை மருத்துவர் சங்கம் நொண்டலுக்கு 0 முதல் 5 வரை படி வகுத்தது. ஆனால் மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் கெவின் கீகன் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், நொண்டல் லேசாக இருந்தபோது ஒரு கால் நொண்டுகிறதா இல்லையா என்பதிலேயே தேர்ந்த மருத்துவர்கள் ஏறக்குறைய 62 விழுக்காடுதான் ஒத்துப்போனார்கள்.

நொண்டலைக் காண, காலைவிடத் தலையைப் பார்ப்பது மேல். மூலைக்கு மூலை கால்கள் சோடியாக ஊன்றும் 'டிராட்' நடையில், வலிக்கும் முன்கால் ஊன்றும்போது குதிரை தலையைத் தூக்கும். நல்ல கால் ஊன்றும்போது தாழ்த்தும். பின்கால் வலியை இடுப்பின் ஏற்றஇறக்கம் காட்டிக்கொடுக்கும். கீகன் குழு உருவாக்கிய கருவி இந்த ஏற்றஇறக்கங்களையே மில்லிமீட்டரில் அளக்கிறது: தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று, வலது முன்காலில் ஒன்று என மூன்று உணரிகள். சுவீடனில் உருவான ஒரு செயலி, உணரி ஏதுமின்றிக் கைபேசிக் காணொளியிலிருந்தே கணக்கிடுகிறது.

அளவீடு எந்தக் கால் என்று சொல்லும், காலில் எங்கே வலி, என்ன நோய் என்று சொல்லாது. வலிக்கும் இடத்தை அறியக் காலின் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு நரம்பாக மரப்பூசி போட்டு மீண்டும் ஓடவிட வேண்டும். எந்த ஊசிக்குப் பிறகு நொண்டல் நிற்கிறதோ, அது மரக்கச் செய்த பகுதியில்தான் வலி.