லீவு விட்டாச்சு... வீடு தாங்குமா? பலாப் பிசின் முதல் பட்டன் பேட்டரி வரை பண்ருட்டி வீடுகளில் கவனிக்க வேண்டியவை

காலையில் கூட்டிப் பெருக்கிய கூடம், பத்து மணிக்கெல்லாம் சந்தை மாதிரி ஆகிவிடுகிறது. சோபா மேல் ஈரத் துண்டு, டிவி ஸ்டாண்டுக்கு அடியில் கிரயான், கால் வைத்தால் குத்தும் பிளாஸ்டிக் துண்டு. ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் பூட்டினால் ஜூன் தொடக்கம் வரை பல வீடுகளில் இதுதான் நிலவரம்.

பண்ருட்டிப் பக்கம் இந்தத் தலைவலி கொஞ்சம் கூடுதல். பிள்ளைகள் வீட்டில் இருக்கும் அதே நாட்களில்தான் பலாப்பழ சீசனும் சூடு பிடிக்கிறது. முந்திரிக்கொட்டை வரத்தும் அந்த நேரத்தில்தான். இங்கே வீட்டை ஒழுங்காக வைப்பது பார்வைக்கு அழகு மட்டும் இல்லை, பிள்ளைகளின் தோலையும் கண்ணையும் காப்பாற்றும் வேலையும்கூட.

பலாப்பழத்தை எங்கே வெட்டுவது?

ஒரு பழம் சாதாரணமாகவே பத்து, இருபது கிலோ இருக்கும். அதைக் கூடத்தின் நடுவில் வைத்து வெட்டினால் அன்றைய நாள் முழுக்கத் துடைக்கும் வேலைதான். திண்ணையோ கொல்லைப்புறமோ, ஒரே இடத்தைப் பழம் வெட்ட ஒதுக்கிவிடுவது நல்லது. கீழே பழைய சாக்கோ செய்தித்தாளோ விரித்துக்கொண்டால், வெட்டி முடித்ததும் தோல், நார் எல்லாவற்றையும் அப்படியே சுருட்டி எடுத்துவிடலாம்.

பிசின் தண்ணீரில் கரையாது. சோப்புப் போட்டுத் தேய்த்தால் இன்னும் பரவும். வெட்டுவதற்கு முன்பே கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவிக்கொள்ள வேண்டும். தரையிலோ கதவிலோ ஒட்டிவிட்டால், முதலில் எண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போய்விடும். பிள்ளைகள் தலைமுடியில் பிசின் ஒட்டினாலும் இதே வைத்தியம்தான். கத்தரிக்கோலை எடுக்கத் தேவையில்லை.

மிச்சமான சுளையைத் திறந்து வைத்தால் மறுநாள் காலை பழ ஈ மொய்க்கும். மூடிய டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம், இல்லையென்றால் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடலாம். (பண்ருட்டியில் அக்கம்பக்கத்து வீட்டிலும் பலாப்பழம்தான் இருக்கும் என்பது வேறு விஷயம்.) கொட்டையைக் கழுவி நிழலில் காய வைத்துச் செம்மண்ணில் புரட்டி வைத்தால் குழம்புக்குப் பல நாள் ஆகும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விட்டால் அரை நாள் சத்தமே இருக்காது.

முந்திரி உடைக்கும் வீடுகள் கவனத்துக்கு

காடாம்புலியூர் போன்ற சுற்றுவட்டார ஊர்களில் முந்திரி வேலை பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. பச்சை முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் தேன்கூடு மாதிரியான அடுக்கு உண்டு. அதில் இருக்கும் எண்ணெயில் அனகார்டிக் அமிலம், கார்டால் என்ற பொருட்கள் இருக்கின்றன. தோலில் பட்டால் புண்ணாகும், கொப்பளிக்கும், கறுத்துப்போகும். வேலை செய்பவர்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொள்வது இதனால்தான்.

பெரியவர்களுக்கு இது தெரியும். ஆனால் லீவுக்கு வந்த தங்கச்சி பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கொட்டை உருட்டி விளையாடும், பல்லால் கடித்துப் பார்க்கும், அதே கையால் கண்ணைக் கசக்கும்.

அதனால் கொட்டை மூட்டை, ஓடு, உடைக்கும் கருவி மூன்றும் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இருக்கவே கூடாது. தனி அறை இல்லாத வீட்டில், மூட்டையின் வாயைக் கட்டி உயரத்தில் ஏற்றுவதுதான் வழி. உடைத்த இடத்தைப் பெருக்கிய துடைப்பத்தால் மற்ற அறைகளைப் பெருக்க வேண்டாம். வேலைத்துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். ஓட்டை அடுப்பில் எரிக்கும்போது வரும் புகையும் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் என்பதால், அந்த நேரத்தில் பிள்ளைகளைத் தள்ளி இருக்கச் சொல்லுங்கள்.

எண்ணெய் பட்டுவிட்டால் உடனே சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரைக் குறைந்தது 15 நிமிடம் ஊற்றிக் கழுவி, நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பொம்மை எத்தனை வெளியில் இருக்கலாம்?

அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சின்னக் குழந்தைகளை ஒரு முறை 4 பொம்மைகளுடனும், இன்னொரு முறை 16 பொம்மைகளுடனும் விளையாட விட்டுப் பார்த்தார்கள். 4 பொம்மை இருந்தபோது ஒவ்வொன்றையும் அதிக நேரம், பல விதமாக வைத்துக் குழந்தைகள் விளையாடியதாக 2018-ல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. ஆக, பாதியை ஒரு சாக்கில் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டு, பத்து நாள் கழித்து மாற்றி இறக்கலாம். பழைய பொம்மையே புதுசு மாதிரி தெரியும்.

யார் எடுத்து வைப்பது?

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடும் நேரம் ஒரு நாளைக்கு சராசரியாக 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். லீவு நாளில் இந்த இடைவெளி எந்தப் பக்கம் நீளும் என்று எந்த அம்மாவையும் கேட்கத் தேவையில்லை. "நீ போய்ப் பாத்திரத்தைத் தொட" என்று பெண் பிள்ளையை மட்டும் எழுப்புகிற வீட்டில் அது அடுத்த தலைமுறைக்கும் போகிறது.

வேலை கொடுத்தால் பிள்ளைகள் செய்வார்கள். ரோம் நகரில் 1907-ல் 'குழந்தைகள் வீடு' தொடங்கிய மரியா மாண்டிசோரி, பெருக்குவது, துடைப்பது, அடுக்குவதைப் பாடமாகவே வைத்தவர். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். அவர் முறையில் முக்கியமானது, பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் அலமாரி, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம். ஆறடி உயர ஆணியில் பையை மாட்டச் சொன்னால் பிள்ளை தரையில்தான் போடும்.

மூன்று வயசுப் பிள்ளை பொம்மையைக் கூடையில் போடும். ஆறு வயசில் தன் துணியை மடிக்கும். பத்து வயசில் துடைப்பம் பிடிக்கலாம், பையனும்தான்.

எந்த நேரத்தில் என்பதும் முக்கியம். கத்திரி வெயிலில் பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை பிள்ளைகள் உள்ளேதான் கிடப்பார்கள். அந்த நேரத்தில் அடுக்கினால் வீண் வேலை. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பத்து நிமிடம், சாயந்திரம் விளையாடக் கிளம்புமுன் இன்னொரு பத்து நிமிடம் போதும். நடுவில் கலைந்து கிடந்தால் கிடக்கட்டும்.

கட்டாயம் ஒளிக்க வேண்டியவை

மண்ணெண்ணெய், தின்னர், கழிவறை ஆசிட் எதையும் பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் வரும் பிள்ளை லேபிள் பார்க்காது. மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, அது நுரையீரலுக்குள் போய்விடும். ரிமோட், பொம்மைகளில் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். அதனால் பேட்டரி மூடியின் திருகாணி இறுக்கமாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கொல்லையில் கிடக்கும் தேங்காய் ஓடு, விளையாடிப் போட்ட கப், தண்ணீர் டிரம் ஆகியவற்றை வாரம் ஒரு முறை கவிழ்த்துத் தேய்த்துவிட வேண்டும். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸ். விஷப் பொருள் உள்ளே போய்விட்டால், டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய விஷத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற இலவச எண்ணில் அழைக்கலாம். ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டி வையுங்கள், பிள்ளைகள் படிக்கிற உயரத்தில்.