கருவியும் கல்வியுரிமையும்

கருவிகள் பெருகினால் கல்வி தானே சமமாகிவிடும் என்பர் சிலர். வரலாறு வேறு பாடம் புகட்டுகிறது.

பொதுக்குளங்களை அனைவருக்கும் திறந்துவிடுமாறு 1923-இலேயே பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானித்தது. ஆயினும் 1927 மார்ச்சில் அண்ணல் அம்பேத்கர் மக்களைத் திரட்டிச் சென்ற பின்னரே மகாத் குளத்து நீரை நம்மவர் அள்ளிப் பருகினர். நீர் இருந்தது, அணுகும் வழிதான் அடைபட்டிருந்தது.

கல்விக் கருவிகளின் கதையும் அத்தகையதே. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக்காலம், செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி சென்றது. தமிழ்நாடு அதில் இடம்பெறவில்லை. பெட்டிகள் பொது இடங்களில் வைக்கப்பெற்றன. காலையில் பள்ளிச் சிறாரும் மாலையில் ஊராரும் கூடிக் கண்டனர்.

2020-இல் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடம் கைப்பேசிக்குள் புகுந்தது. கைப்பேசியோ அவரவர் உடைமை. அது இருந்த வீடுகளிலும் வேலைக்குச் செல்லும் பெரியோருடன் சென்றுவிடும். மறு ஆண்டு ஆகஸ்டில், தமிழ்நாடு உள்ளிட்ட 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் எளிய குடும்பங்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. சிற்றூர்களில் தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிள்ளைகளுள் நூற்றுக்கு நால்வரே இணையவழியில் ஒழுங்காகப் பயின்றனர். ஏனைய பிள்ளைகளுள் 15 பேர்.

எனவே, இளைஞர்களே! கருவி எத்துணைப் புதியது என்பதினும், அது யார் கைக்கு எட்டுகிறது என்பதே முதல் வினா. பொது என்று பெயர்ப்பலகை எழுதினால் மட்டும் போதாது. கடைக்கோடித் தெருக் குழந்தையும் தயங்காது நுழைதல் வேண்டும். வெள்ளிவிழாக் காணும் நம் சங்கம், விளாங்குடியில் அத்தகைய கணினிப் படிப்பகம் ஒன்றை நிலைநிறுத்துமாக!