எதை முதலில் தொடங்குவது? நாக்பூர் குளத்தங்கரையில் ஒரு பழைய கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரத்திலிருந்து மைத்துனன் போன். "அத்தான், வேலைய விட்டுரலாம்னு இருக்கேன். கையில மூணு ஐடியா இருக்கு. எதை மொதல்ல ஆரம்பிக்கட்டும்? நீங்க பேங்க்ல எத்தனை பேரைப் பாத்திருப்பீங்க!"

பேங்க் ஆபீசர் என்றால் எந்தத் தொழில் ஓடும், எது படுக்கும் என்று ஜாதகம் பார்த்துச் சொல்லிவிடுவான் என வீட்டில் ஒரு நம்பிக்கை. பி.காம். முடித்து இருபது வருஷத்துக்கு மேலாகப் பிறத்தியார் பேலன்ஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும் எனக்குப் பெட்டிக்கடை நடத்திய அனுபவம்கூடக் கிடையாது. "யோசிச்சுச் சொல்றேன் மாப்ளே" என்று வைத்துவிட்டேன்.

யோசிக்க நான் போகும் இடம் ஒன்று உண்டு. நாக்பூரில் காந்திசாகர் என்று ஓர் ஏரி, பழைய பெயர் ஜும்மா தலாவ். 125 வருஷம் ஓடிய எம்ப்ரஸ் மில் அதன் அருகில்தான் இருந்தது. 2002-ல் மூடினார்கள். அந்த நிலத்தில் இப்போது அதே பெயரில் ஷாப்பிங் மால். மாலுக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியுமோ என்னவோ. டாடா குழுமத்தின் கதையை ஜாம்ஷெட்பூரில் ஆரம்பிப்பது நம் வழக்கம். உண்மையில் அதற்கு அஸ்திவாரம் விழுந்தது இந்தச் சேற்றில்தான்.

ஜாம்ஷெட்ஜி டாடா பிறந்தது 1839-ல், குஜராத்தின் நவ்சாரியில். கல்லூரி முடித்து அப்பாவின் வியாபாரத்தில் சேர்ந்தார். ஹாங்காங் போனார். அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் (1861-65). அங்கிருந்து லங்காஷயருக்குப் பஞ்சு போவது நின்றதும், பம்பாயில் பஞ்சு விலை ஆகாயத்துக்குப் போனது. பங்குகளும் புதுப்புது பேங்குகளும் மழைக்காலத்துக் காளான் மாதிரி முளைத்தன. லண்டனில் ஓர் இந்திய பேங்க் தொடங்கலாம் என்று ஜாம்ஷெட்ஜி கப்பலேறினார். 1865-ல் போர் முடிந்தது. பஞ்சு விலை சரிந்தது. அவர் கையில் இருந்த பத்திரங்கள் வெறும் காகிதமாயின. ஓடி ஒளியாமல் கடன்காரர்களை நேரில் பார்த்து நிலைமையைச் சொன்னார் என்பதுதான் அவருக்கு அன்றைக்கு மிஞ்சிய மரியாதை.

ஆக, அவருடைய முதல் பெரிய யோசனை பேங்க். அது பிறக்கும் முன்பே போய்விட்டது. அடுத்து 1868-ல் 21,000 ரூபாய் முதலில் ஒரு வியாபார நிறுவனம். 1869-ல் பம்பாய் சிஞ்ச்போக்லியில் நொடித்துப்போன ஓர் எண்ணெய் ஆலையை வாங்கிப் பஞ்சாலையாக மாற்றினார். அலெக்ஸாண்ட்ரா மில் என்று பெயர். இரண்டே வருஷத்தில் லாபத்துக்கு விற்றுவிட்டார். பிறகு இங்கிலாந்து போய் லங்காஷயர் ஆலைகளைப் பார்த்து வந்தார். நம் ஊராக இருந்தால் "ஒண்ணுலயும் நிலைக்க மாட்டேங்கிறான்" என்று ஒரு வார்த்தை விழுந்திருக்கும்.

கணக்கை வேறு மாதிரியும் பார்க்கலாம். பஞ்சு வாங்கி விற்கத் தெரியும். ஆலை ஓட்டவும் சின்ன அளவில், செத்த ஆலையை வைத்துப் பழகியாயிற்று. போட்டியாளன் எப்படி நெய்கிறான் என்று அவன் ஊருக்கே போய்ப் பார்த்தாயிற்று. இவ்வளவுக்கும் பிறகுதான் 1874-ல், 35 வயதில், 15 லட்சம் ரூபாய் மூலதனத்தில் சொந்தக் கம்பெனி.

எங்கே தொடங்குவது? பம்பாயில்தான் ஆலைகள் இருந்தன, ஆட்களும் பணமும் இருந்தன. எல்லாரும் போன வழியில் போகாமல் அவர் மூன்றே கேள்விகள் கேட்டார். பஞ்சு பக்கத்தில் விளைகிறதா? சரக்கை விற்கப் பாதை இருக்கிறதா? தண்ணீரும் நிலக்கரியும் கிடைக்குமா? விதர்பா கரிசல் மண்ணில் பஞ்சு. 1867-லேயே நாக்பூருக்கு ரயில் வந்துவிட்டது. பக்கத்துச் சாந்தா மாவட்டத்தில், அதாவது இன்றைய சந்திரப்பூரில், வரோராவில் நிலக்கரி. மூன்றுக்கும் ஒரே விடை நாக்பூர். எங்கள் பக்கத்துப் பாபநாசத்தில் 1880-களில் ஹார்வி கம்பெனி தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தைப் பார்த்து மில் போட்டதும் இதே வகைக் கணக்குதான். அந்த மில் சங்குச் சத்தத்தில் எழுந்த வீடு எங்கள் வீடு என்பதால் இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

கிடைத்த நிலம் சதுப்பு. மண் கொட்டி நிரப்ப வேண்டியிருந்தது. அப்போது உள்ளூர் மார்வாரி லேவாதேவிக்காரர் ஒருவரிடம் பண உதவி கேட்டதாகவும், "தங்கத்தைக் கொண்டுவந்து மண்ணில் புதைக்கிறார்" என்று அவர் மறுத்ததாகவும் ஒரு கதை உண்டு. பின்னாளில் அவரே, டாடா மண்ணைப் போட்டுத் தங்கத்தை எடுத்தார் என்று ஒப்புக்கொண்டாராம். 1877 ஜனவரி 1-ம் தேதி, டெல்லி தர்பாரில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்த அதே நாளில் மில் ஓடத் தொடங்கியது. பெயர்க்காரணம் புரிந்திருக்கும்.

ஆரம்பத்தில் மலிவு யந்திரங்களை வாங்கிப் பட்டார்கள். சரக்கு தரமாக வரவில்லை. மாற்றினார்கள். மானேஜர் பேசன்ஜி தாதாபாய் மேத்தா ரயில்வேயிலிருந்து வந்தவர். ஜவுளி தெரியாது, நிர்வாகம் தெரியும். இங்கிலாந்து ஆலைகள் தயங்கிக்கொண்டிருந்த ரிங் ஸ்பிண்டிலை இங்கே துணிந்து ஓட்டிப் பார்த்தார்கள். 1886-ல் தொழிலாளர்களுக்கு ஓய்வூதிய நிதியும் வந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 1882-ல் சாந்தா மாவட்டத்து இரும்புத்தாது பற்றி ஒரு ஜெர்மன் நிபுணரின் அறிக்கை ஜாம்ஷெட்ஜியின் கண்ணில் பட்டது. மில் ஓடுகிறது, கையில் பணம் இருக்கிறது, தாது பக்கத்து மாவட்டத்தில். வேறு ஒருவர் என்றால் குதித்திருப்பார். இவர் வரோரா கரியைச் சோதித்துப் பார்த்தார், உருக்குக்கு ஆகாது என்று தெரிந்தது. சுரங்கச் சட்டமும் சாதகமாக இல்லை. யோசனையைக் கைவிடாமல் எடுத்து வைத்தார். 1899-ல் சட்டம் தளர்ந்த பிறகுதான் மறுபடி கையிலெடுத்தார். 1904-ல் அவர் காலமானார். 1907-ல் டாடா ஸ்டீல் கம்பெனி, 1912-ல் முதல் உருக்கு.

முதலில் தோன்றியது, மிகப் பெரியது, முதலில் செய்ய வேண்டியது. இவை மூன்றும் ஒன்றல்ல. எதற்கு நீங்கள் ஏற்கெனவே பட்டு, படித்து, பீஸ் கட்டி முடித்திருக்கிறீர்களோ அதுதான் முதல் தொழில்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. பல வருஷம் முன்பு, முன்பொரு தடவை இந்தப் பக்கம் போஸ்டிங் இருந்தபோது, ஓர் இளைஞர் இரண்டு திட்டங்களோடு வந்தார். ஒன்று, ஆரஞ்சுப் பழம் அனுப்பும் அட்டைப்பெட்டி செய்வது. இன்னொன்று, ஆரஞ்சு ஜூஸ் ஆலை. ஆறு வருஷம் அட்டைப்பெட்டி யூனிட்டில் வேலை பார்த்தவர். "சார், எதை முதலில்?" என்று என்னைக் கேட்டார். ஜூஸ் ஆலையின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பளபளவென்று இருந்தது. அட்டைப்பெட்டி எனக்குச் சின்னதாகத் தெரிந்தது. ஜூஸைச் சொன்னேன். கடனும் கொடுத்தோம்.

நாக்பூர் ஆரஞ்சு வருஷத்தில் சில மாதம்தான் வரும். அதன் சாறு பிழிந்து வைத்தால் கசப்பேறும். கசப்பை எடுக்கத் தனி யந்திரம், தனிச் செலவு. இதெல்லாம் கணக்கு வாராக்கடனான பிறகு நான் கற்ற பாடம். அவருடைய வீடு ஏலத்துக்கு வந்தது. நோட்டீஸில் என் கையெழுத்து. அந்த மார்வாரியாவது பணம் தராமல் ஒதுங்கிக்கொண்டார். நான் யோசனையும் சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். இன்றைக்கு அவர் சின்ன அளவில் அட்டைப்பெட்டிதான் செய்கிறார், நன்றாகவே போகிறது. என்னைப் பார்த்தால் இப்போதும் "நமஸ்தே சார்" என்கிறார். அந்த நமஸ்தே எனக்கு இன்னும் சீரணிக்கவில்லை.

நேற்று மைத்துனனைக் கூப்பிட்டேன். வாழைக்காய் சிப்ஸ் ஏற்றுமதி, பத்தமடைப் பாய் ஆன்லைன் விற்பனை, மோட்டார் ரீவைண்டிங் கடை. இவைதான் அவன் மூன்று ஐடியா. கோயம்புத்தூரில் பம்ப் சர்வீஸில் எட்டு வருஷமாக இருக்கிறான்.

"இதுல எது கெட்டா, ராத்திரி ஒத்தையா உக்காந்து நீயே சரி பண்ணுவ?" என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மோட்டாருதான் அத்தான். ஆனா அது சின்னத் தொழிலாச்சே."

"மத்த ரெண்டையும் ஒரு நோட்டுல எழுதி வை மாப்ளே. ஓடிப் போயிராது. உருக்கு ஆலையே பதினேழு வருஷம் காத்துக்கிட்டு இருந்திச்சு" என்றேன். எந்த உருக்கு ஆலை என்று கேட்டான். ஊருக்கு வரும்போது சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.