இலங்கையிற் காசுத்தாள்

இலங்கையிலே காசுத்தாள் முதன்முதல் ஒல்லாந்தர் காலத்தில், 1785ஆம் ஆண்டில் வெளிவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதனை வெளியிடுந் தொழிலில் தனியார் வங்கிகள் மேலோங்கி நின்றன. 1841இல் தோன்றிய இலங்கை வங்கி (1939இல் நிறுவப்பெற்ற வங்கி வேறு) பின்னர் ஓரியண்டல் வங்கியோடு இணைந்தது. கோப்பிச் செய்கை செழித்த நாளில் ஓரியண்டல் வங்கியின் தாள்கள் பரந்து வழங்கின. 1869இற் கோப்பி இலைநோய் தோன்றிற்று. தோட்டங்கள் அழிய, அவற்றை நம்பிக் கொடுத்த கடன்களும் அழிந்தன. 1884ஆம் ஆண்டு மே மாதம் வங்கி கதவடைத்தது.

அத்தாள்களை வைத்திருந்தோர் அனைவருந் தோட்டத்துரைமாரல்லர். சிறு வணிகரும் அவற்றைக் காசென நம்பி வாங்கியிருந்தனர். வங்கியின் உள்நிலையை அவர்கள் எங்ஙனம் அறிவர்? தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசாங்கமே பிணை என அறிவித்தார். அவரது ஆட்சியிற் குறைகாண்போரும் இச்செயலை மெச்சாதிருத்தல் அரிது. அவ்வாண்டிலேயே காசுத்தாட் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1885 முதல் அரசாங்கத் தாள்கள் வெளிவந்தன. ஒரு பகுதி வெள்ளி நாணயமாகவும் மறுபகுதி முதலீடாகவும் அவற்றுக்கு ஈடு வைக்கப்பட்டது. 1950இல் மத்திய வங்கி தொடங்கும்வரை இப்பொறுப்பு நாணய ஆணையாளர் சபையிடமிருந்தது.

சேகரிப்போருக்கு இவ்வரலாறே விலையை விளக்குகின்றது. பிணை நிறைவேறியமையால் மக்கள் ஓரியண்டல் வங்கித் தாள்களைக் கொடுத்துப் பணமாக்கிக்கொண்டனர். மீண்ட தாள்கள் அழிந்தன. ஆகவே எஞ்சியவை மிகச் சில. 1885ஆம் ஆண்டுத் தாள்களும் அத்தகையனவே. மாறாக, 1970 ஒக்டோபரில் அமைச்சர் என். எம். பெரேரா ஐம்பது ரூபா, நூறு ரூபாத் தாள்களைச் செல்லாதனவாக்கியபோது, குறித்த நாளுக்குள் ஒப்படைக்கப்படாதவை வெறுங் கடதாசியாயின. அவற்றை வாங்குவோர் பின்னர் சேகரிப்பாளரே.

விலையிற் சிறியதாயினும் விந்தையிற் பெரியது 1942ஆம் ஆண்டின் ஐந்து சதத் தாள். போர்க்காலத்தில் உலோகந் தட்டுப்பட, சில்லறைக்கும் தாளே வந்தது. இத்தாளின் நடுவே கிழிப்பதற்கேற்ற துளைவரி உண்டு. கிழித்தால் ஒரு பாதி இரண்டு சதம், மறுபாதி மூன்று சதம். கிழிப்பதற்கென்றே அச்சிட்ட தாளைக் கிழியாது வைத்திருந்தவன் பேரனுக்கே இலாபம்!

மடிப்பும் கறையும் விலையைக் குறைக்கும். அதனினுங் கேடு, பழைய தாளைக் கழுவி இஸ்திரிக்கை போட்டுப் புதிதாக்க முயல்வது. தாளின் இயல்பான விறைப்பும் அச்சின் மேடும் போய்விடும். பழகிய கை அதனைத் தொட்டவுடனே கண்டுகொள்ளும்.