விவான் சுந்தரம்: பானையோடும் படமும்

விவான் சுந்தரம் (1943–2023) ஓவியராகத் தொடங்கி, சிற்பம், நிறுவற்கலை, புகைப்படம், காணொளி என ஊடகம் மாற்றிக்கொண்டே போன இந்தியக் கலைஞர். பழங்காலப் பானையோடுகளையும் கேமராவையும் இணைத்து அவர் செய்த ‘பிளாக் கோல்டு’ 2012இல் முதலாம் கொச்சி-முசிறி பினாலேயில் இடம்பெற்றது.

சிம்லாவில் பிறந்தவர். தந்தை கல்யாண் சுந்தரம் தமிழர். நாட்டின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையர். தாய் இந்திரா, ஓவியர் அம்ரிதா ஷேர்கில்லின் தங்கை. தாய்வழித் தாத்தா உம்ராவ் சிங் குடும்பத்தாரையும் தன்னையும் சலிக்காமல் படமெடுத்தவர். அந்தப் பழைய படங்களைக் கணினியில் வெட்டி இணைத்துப் பேரன் உருவாக்கியதே ‘ரீடேக் ஆஃப் அம்ரிதா’ (2001–02). பரோடாவிலும் லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளியிலும் பயின்றார்.

எர்ணாகுளம் மாவட்டம் வடக்குப் பறவூருக்கு அருகிலுள்ள பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வுக் குழு அகழாய்வு நடத்தியது. சங்ககாலத் துறைமுகமான முசிறி இதுவே என்று கருதுவோர் பலர். யவனர் கலங்கள் பொன்னைக் கொடுத்து மிளகு ஏற்றிச் சென்றதை அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. ‘பிளாக் கோல்டு’ என்ற பெயர் சுட்டும் ‘கறுப்புத் தங்கம்’ அந்த மிளகுதான்.

பட்டணத்துக் குழிகளில் குவியல் குவியலாக வெளிவந்த ஓடுகளைச் சுந்தரம் தரையில் அடுக்கினார். கழுத்துடைந்த விளிம்பு மதிலானது, வளைந்த துண்டு கூரையானது. தெருக்களோடு ஒரு நகரமே எழுந்தது. பிறகு அதில் தண்ணீர் பாய, மிளகு மிதக்க, கேமரா அதைப் பதிவு செய்தது. 1341ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளம் முசிறியை அழித்ததாக வழங்கும் செய்தி பார்ப்பவருக்கு நினைவு வராமல் இருக்காது.

பானைகளை வனைந்தவர் அவரல்லர் என்று குயவர் கோபிக்கலாம், நியாயம்தான். ஆனால் அவருடைய வேலை வேறிடத்தில் இருக்கிறது. தொல்லியலாளர் ஓட்டைப் படமெடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோலை வைப்பார். துண்டின் அளவு அதில்தான் தெரியும். சுந்தரம் அந்த அளவுகோலை எடுத்துவிட்டார். விரல் நீளத் துண்டு திரையில் அரண்மனையாகிறது. கீழடி அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கும் ஓடு ஒருபோதும் இப்படி உருமாறாது. 2008இல் டெல்லிக் குப்பையைக் கொண்டு நகரம் அமைத்துப் படமெடுத்த ‘டிராஷ்’ வரிசையிலும் இதே உத்தியைத்தான் கையாண்டார். என்றாலும் குப்பையைவிடச் சுட்ட மண்ணுக்குக் கனம் அதிகம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய கைகள் தொட்ட பொருள் அது.

பின்னர் இதே ஓடுகளிலிருந்து ‘டெரா ஆப்டிக்ஸ்’ என்ற புகைப்பட வரிசையும் பிறந்தது. நிறுவல் கலைக்கப்பட்டுவிடும், படம் தங்கும்.

2018இல் டெல்லி கிரண் நாடார் கலை அருங்காட்சியகமும் மியூனிக் நகரின் ஹவுஸ் டெர் குன்ஸ்ட்டும் அவருடைய படைப்புகளுக்குப் பெருங்காட்சி நடத்தின. இறுதிப் படைப்பான புகைப்பட வரிசை 15ஆவது ஷார்ஜா பினாலேயில் வைக்கப்பட்டிருந்தபோது, 2023 மார்ச் 29 அன்று டெல்லியில் காலமானார்.